சாம்பார் வாளியின் கடைசி இதழ்

அந்தப் பம்பு கம்பெனியில் பதினோரு வருடமாகத் தீபாவளிக்கு ஹாட்பாக்ஸ்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் வட்டமாக இருக்கும், அடுத்த வருடம் முட்டை வடிவத்தில் இருக்கும். மாற்றம் என்றால் அவ்வளவுதான். வீட்டில் ஆறு பேருக்குமேல் இல்லாத தொழிலாளி, அறுபது பேருக்குச் சப்பாத்தியைச் சூடாக வைத்திருக்கும் வசதியோடு வாழ்ந்துவந்தார். பன்னிரண்டாம் வருடம் யாரோ ஒரு ஹாட்பாக்ஸுக்குச் சாமந்தி மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, மெயின் கேட்டில் வைத்துவிட்டார்கள். பரிசுக் குழு அவசரமாகக் கூடியது.

குழுவில் ஐந்து பேர். யூனியன் சார்பில் இரண்டு, நிர்வாகத்தின் சார்பில் இரண்டு, இரண்டு பக்கமும் சேராத ஐந்தாவது ஆளாகத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அஸ்வத். ஐம்பத்து நான்கு வயது. செயலாளர் ரித்திக், லேத் பிரிவு. ரித்திக் என்பதெல்லாம் அந்தக் காலத்துப் பெயர். இப்போது யாரும் குழந்தைக்கு அப்படி வைப்பதில்லை.

சுக்குக் காபியும் வந்து, ஏலக்காரர்களைப் போலக் கூவி நாலு வியாபாரிகளும் வந்து போன பிறகு, ஐந்தாவதாக ஒரு பெண் வந்து மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். உள்ளே தலையில் மாட்டும் பட்டை ஒன்று. பெயர் ‘மறுபடி’. பெட்டியின்மேல், இளமையில் நீங்கள் படைத்ததை மீண்டும் சந்தியுங்கள் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர் வீணையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

போனில் கிடக்கிற பழைய போட்டோவைக் காட்டுகிற சமாச்சாரம்தானே என்று ரித்திக் கேட்டார்.

“இல்லீங்க சார். ஒரு விஷயத்த நாம ஞாபகப்படுத்தறப்பவெல்லாம் மூளை அதத் திரும்ப எழுதுது. நூறு தடவ சொன்ன கதைன்னா நூறு தடவ திருத்துன கதைங்க. ஆனா அடியில முதல் பிரதி அப்படியே இருக்கும். இது அத மட்டும் எடுத்துக் காட்டும். அன்னைக்குக் கண்ணு பாத்தது, காது கேட்டது. அப்புறமா நீங்க சேத்துக்கிட்டது எதுவும் வராது.”

“சேத்துக்கிட்டதெல்லாம் எங்கீங்க போகும்?”

“அது உங்ககிட்டயே இருக்கும் சார். அதுக்கு மெஷின் வேண்டாமுங்க.”

அந்தக் காலத்துப் பொருள் ஒன்று கையில் இருக்க வேண்டும், அதன் தொடுகையும் வாசமும்தான் சாவி என்று அவள் விளக்கினாள். ஒரு பட்டையில் மூன்று முறை பார்க்கலாம். பட்டையின் ஓரத்தில் மூன்று பச்சைப் புள்ளிகள். ஒருமுறை பார்த்தால் ஒரு புள்ளி அணையும். மூன்றுக்குமேல் அரசு அனுமதிக்கவில்லை. முதலில் கல்யாண ஆல்பத்தை வைத்துத்தான் சோதித்தார்களாம். ஏகப்பட்ட புகார் வந்ததாம். கலை என்றால் ஆபத்தில்லை என்று அப்புறம் முடிவு செய்தார்களாம்.

இரண்டு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. எல்லோரும் அஸ்வத்தைப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கியதற்குக் காரணம் குழுவில் எல்லோருக்கும் தெரியும். சாம்பார் வாளி.

சாம்பார் வாளியைப் பற்றிக் கேள்விப்படாதவர் அந்தக் கம்பெனியில் இல்லை. யாருக்குப் பிரிவு உபசார விழா நடந்தாலும் மைக் அஸ்வத்திடம் வரும்; வந்தால் அந்தக் கதையும் வரும். அவர் படித்த இன்ஜினியரிங் கல்லூரியில் செல்போனுக்குத் தடை. மீம் போட வழியில்லாத பையன்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். வாரம் ஒரு தாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கு மேலே இருக்கும் சுவரில் ஒட்டுவார்கள். ஊற்றிக்கொள்ள நிற்கிறவன் வேறு வழியில்லாமல் படிப்பான். எழுதியது அஸ்வத். படம் வரைந்தது அறைத் தோழன் பரிதி. பரிதிக்குப் பேச்சு திக்கும்.

கதையின் உச்சம் கடைசி இதழ். உடம்பெல்லாம் மோட்டார், வாய் இருக்கும் இடத்தில் பைப்பு, அதிலிருந்து தண்ணீர் ஒரு சொட்டு வருவதும் நிற்பதுமாக ஒரு மனிதன். தலைப்பு, ‘ஏர் புடிச்ச மோட்டாரு’. கீழே பரிதியின் பெயர். அதற்கும் கீழே அவனோடு ஒரு கற்பனைப் பேட்டி, எழுத்தெல்லாம் நாலு நாலு முறை அச்சாகி. இந்த இடத்தில் அஸ்வத் கொஞ்சம் நிறுத்துவார். கூட்டம் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார்.

“அத வரைஞ்சது யாருங்கறீங்க? அவனேதான். தன்னப் பத்தித் தானே வரைஞ்சு குடுத்தான். ஒட்டுனப்ப எங்களோட சேந்து விழுந்து விழுந்து சிரிச்சான். அப்படி ஒரு மனசு இன்னைக்கு யாருக்குங்க இருக்கு?”

ஒரு பயிற்சிப் பையன் தன் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கண் கலங்கி அவரிடம் வந்து நின்றபோதும் இந்தக் கதையைத்தான் சொல்லி அனுப்பினார். ஸ்போர்ட்டிவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவன் எடுத்துக்கொண்டான். வேறு கம்பெனியில் வேலையும் எடுத்துக்கொண்டான்.

கடைசி இதழின் இரண்டு பிரதிகள் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தன. ஊழியர் விலையில் இன்னொரு ‘மறுபடி’ வாங்கி, ஒரு பிரதியை அதோடு வைத்து, உடுமலையில் இருக்கும் பரிதிக்குத் தீபாவளிப் பரிசாகப் பார்சல் அனுப்பினார். கூட ஒரு துண்டுச் சீட்டு: ‘மறுபடி சிரிப்போம்டா.’ இருவரும் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது, பரிதியின் புதுமனைப் புகுவிழாவில் பார்த்தது. மற்றபடி வருடத்துக்கு ஒரு தீபாவளி வாழ்த்து. அதற்குப் பரிதியிடமிருந்து கும்பிடும் கை ஒன்று பதிலாக வரும். ஒரு வருடமும் தவறியதில்லை. கூடுதலாக ஒரு சொல் வந்ததுமில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் பட்டைகளை விநியோகித்தார்கள். தீபாவளி திங்கட்கிழமை. ஞாயிறு மதியம் ரித்திக் போன் செய்தார். ரித்திக் பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அளவில் மெல்லிசையில் இரண்டாம் பரிசு வாங்கியவர். அந்தக் கேடயம் அவர் வீட்டு ஷோகேஸில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாராம்.

“மொத்தமே ரெண்டு பேருதானுங்க பாடிருக்கோம்” என்றார்.

இரண்டாம் பரிசு இரண்டாம் பரிசுதானே என்றார் அஸ்வத்.

“அந்த இன்னொரு பையனுக்கு அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுங்க.” பிறகு, நீங்கள் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டார். நாளைக்குத்தான் என்றார் அஸ்வத். வேண்டாமென்று சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள் என்று ரித்திக் போனை வைத்தார்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் விழுங்கி, இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்கு அஸ்வத் மாடி அறையில் உட்கார்ந்தார். தெருவில் அரசு அனுமதித்த வெடி நேரம் முடிந்து, பிள்ளைகள் ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பட்டையை மாட்டி, பழுத்துப்போன அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தாளில் இன்னும் லேசாக ஜெராக்ஸ் மை வாசம் இருந்தது.

அறை எண் இருநூற்றுப் பதினான்கு. கொடியில் காயும் ஈரத் துண்டு. தரையில் குப்புறப் படுத்து, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு, பரிதி வரைந்துகொண்டிருக்கிறான். அவன் விலா எலும்புகள் பனியனுக்குமேல் தெரிகின்றன. இவ்வளவு ஒல்லியாகவா இருந்தான்?

இது யாருக்கான படம் என்று பரிதி கேட்கிறான். கேட்க நேரமாகிறது. அவன் பேச்சு எப்படி வந்ததோ அதை அப்படியே எழுத்தில் எழுதிக் காட்டுவதை ஒருவன் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. இந்தக் கதை அதைச் செய்யாது.

“மெஸ் கான்ட்ராக்டர்டா.” அஸ்வத்துக்குத் தன் குரல் அடையாளம் தெரியவில்லை. கீச்சென்று, அவசரமாக, மேலே எங்கிருந்தோ பேசுகிற குரல். “கீழ ஒரு கட்டம் போட்டு விட்டுரு. பேர நானே கடைசில எழுதிக்கறேன்.”

பரிதி ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுகிறான். படத்தை ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்க்கிறான். அப்புறம் யாரும் கேட்காமலே பைப்பின்மேல் ஒரு காக்கையை உட்கார வைக்கிறான். தண்ணீர் எப்போது வரும் என்று தலையைச் சாய்த்துக் காத்திருக்கும் காக்கை. அவனுக்கே சிரிப்பு வருகிறது. காக்காயைப் பார்டா என்று சொல்ல வருகிறான். அந்தச் சொல் வந்து சேர்வதற்குள் அஸ்வத்தின் பார்வை கைக்கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. போகாதே என்று மாடியறையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சொல்லத் தோன்றியது. பார்த்தது பார்த்ததுதான், கண்ணைத் திருப்ப முடியவில்லை.

அப்புறம் மெஸ். சுவரில் தாள். நாற்பது பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். யாரோ பேட்டியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பிக்க, எல்லோரும் பாட்டுப் போலச் சேர்ந்து படிக்கிறார்கள். கையில் இட்லித் தட்டோடு பரிதி வருகிறான். அவன் முகத்தில் இருப்பது, தான் வரைந்த படத்துக்குக் கூட்டம் கூடியிருக்கிற சந்தோஷம். வழிவிடச் சொல்லித் தோளால் இடித்துக்கொண்டு முன்னால் வருகிறான். காக்கையைப் பார்க்கிறான். கட்டத்தைப் பார்க்கிறான். கட்டத்துக்குள் அவன் பெயர்.

அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக அஸ்வத்தைப் பார்க்கிறான். வாயைத் திறக்கிறான். ஒரு சொல் தொண்டைவரை வந்து நிற்கிறது. அது என்ன சொல் என்று தெரியவில்லை. வாய் திறந்தபடியே இருக்கிறது, தாடை துடிக்கிறது, சொல் வரவில்லை. நேரடிச் செய்முறை விளக்கம் என்று நினைத்துக் கூட்டம் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறது. எல்லோருடைய சத்தத்துக்கும் மேலே அந்தக் கீச்சுக் குரல் சிரிக்கிறது.

அந்தத் திறந்த வாயைத்தான் அவர் முப்பத்து மூன்று வருடமாகச் சிரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பரிதி தட்டைக் கழுவுகிற தொட்டியில் வைத்துவிட்டுப் போகிறான். இட்லி நாலும் அப்படியே இருக்கின்றன.

அஸ்வத் பட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் மாட்டினார். எங்கேயாவது ஒரு ஓரத்தில், கூட்டத்தைவிட்டு வெளியே போன பிறகாவது, அவன் சிரித்திருக்கக்கூடும் என்று இரண்டாம் முறை முழுக்கத் தேடினார். இல்லை. ஒரு பச்சைப் புள்ளிதான் பாக்கி.

அப்போதுதான் உடுமலைக்குப் போன பார்சல் ஞாபகம் வந்தது. அதே பட்டை. அதே தாள். கூடவே, மறுபடி சிரிப்போம்டா.

குளித்த உடம்பு திரும்பவும் நனைந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் புதுமனைப் புகுவிழாவில், எங்கள் காலேஜில் இவன் பெரிய ஆள் தெரியுமா என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இதே கதையைச் சொல்லியிருந்தார். பரிதியும் பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவரும் அதை நூறு முறை திருத்தி, சிரித்ததாகவே எழுதி வைத்திருப்பார். அப்படி எழுதி வைக்காமல் ஒரு மனிதன் எப்படிப் பிழைப்பான்? அந்தத் திருத்தத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அடிப் பிரதியைக் காட்டும் கருவியை, ரிப்பன் கட்டி, விழாக்காலச் சலுகையில் அனுப்பியாயிற்று.

போன் செய்தார். பரிதியின் மனைவி கார்த்திகா எடுத்தார். பார்சல் சனிக்கிழமையே வந்துவிட்டது, பரிதிதான் வாங்கி அலமாரியில் வைத்தார், அப்புறம் என்னவென்று தனக்குத் தெரியாது என்றார். அவர் கறி வாங்கப் போயிருக்கிறாராம்.

அஸ்வத் தன் மனைவி சிந்துஜாவிடம், பட்டையில் ஏதோ பழுதாம், பரிதிக்கு அனுப்பியதைப் போய் வாங்கி வர வேண்டும் என்றார். தீபாவளியன்று, மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டா என்று அவர் கேட்டார். தலைவலி வருமாம் என்றார் அஸ்வத். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும்.

வண்டி தன்னைத் தானே ஓட்டிக்கொண்டு போனது. கிணத்துக்கடவு தாண்டும்போது கம்பெனி ஊழியர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: அடுத்த வருடம் ஹாட்பாக்ஸே போதும். அதற்கு முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. கோலப் போட்டியில் ஜெயித்தவர்கள், கவிதை வாசித்துக் கைதட்டு வாங்கியவர்கள், நாடகத்தில் ராஜாவாக நடித்தவர்கள், அத்தனை பேரும் தீபாவளியன்று தலை குனிந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தியிருந்தார்கள்.

வழி நெடுக அவர் ஒரு வாக்கியத்தைச் சரி செய்துகொண்டு வந்தார். நான் அன்றைக்குச் செய்தது தப்பு. இல்லை, நான் உனக்குச் செய்தது. இல்லை, அந்தக் கட்டம். பொள்ளாச்சி தாண்டியபோது வாக்கியம் ஓரளவு உருவாகியிருந்தது. அதற்குள் வேறு ஒன்று உறைத்தது: பரிதி இன்னும் பார்க்காமல் இருந்தால், இந்த மன்னிப்பே அவர் சிரிப்பைப் பிடுங்கிவிடும். பார்க்கவில்லை என்றால் மன்னிப்புக் கேட்கக்கூடாது. இப்படி யோசித்ததும் ஏனோ கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பரிதி வாசலில் நின்றிருந்தார். வெள்ளைத் தாடி, மடித்துக் கட்டிய புதுவேட்டி. தென்னைநார் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்த விரல்கள், நார் நாராக. பேச்சு இப்போது அவ்வளவாகத் திக்குவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் படியில் காலை வைப்பதுபோல நிதானமாக வைத்துப் பேசினார்.

“வாடா. கறி வெந்துட்டிருக்கு. சாப்புட்டுத்தான் போகோணும்.”

வேண்டாமென்றால் கேட்கிறவர்கள் இல்லை. இலை போட்டார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் நறுமுகையும் சேர்ந்து உட்கார்ந்தாள். எண்ணெய் மினுக்கும் கோழிக் குழம்பும், பச்சைப்புளி ரசமும், தயிர்ப் பச்சடியும். அஸ்வத்தின் கண் அலமாரியைத் தேடியது. மேல் தட்டில் அந்தப் பெட்டி இருந்தது. ரிப்பன் கட்டியபடியே இருந்தது. அவருக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது.

“மாமா, அப்பா காலேஜ்ல எப்படிங் மாமா இருப்பாரு?” என்று நறுமுகை கேட்டாள். “கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டீங்குறாரு.”

அஸ்வத் தண்ணீர் டம்ளரை எடுத்தார். பரிதி ரசத்தை ஊற்றிக்கொண்டு, நானே சொல்கிறேன் என்றார். சொன்னார். செல்போன் தடை, சாம்பார் வாளி, ஏர் பிடித்த மோட்டார், காக்கை. பேட்டியை யாரோ படிக்க எல்லோரும் பாட்டாகப் பாடியதைக்கூடச் சொன்னார். அஸ்வத் நிறுத்துகிற இடத்தில் அவரும் நிறுத்தினார்.

“நானும் சேந்து விழுந்து விழுந்து சிரிச்சேன்” என்றார்.

கார்த்திகா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. “செம மோசம்ப்பா அது” என்றாள். பிறகு, “படம் யாருப்பா வரைஞ்சது?”

பரிதி இலையிலிருந்து தலையைத் தூக்கி அஸ்வத்தைப் பார்த்தார்.

“யாரோ ஒரு பையன். பேரு வரமாட்டீங்குது. உனக்கு ஞாபகம் இருக்கா அஸ்வத்?”

கேள்வி இலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அஸ்வத் ஒரு சொல் சொல்ல வேண்டும். மூன்றெழுத்து. தொண்டைவரை வந்தது.

“இல்லடா” என்றார். “மறந்துபோச்சு.”

“முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கும்” என்றார் பரிதி.

“நல்லவேளைங்கண்ணா, இவரு வரைஞ்சாருன்னு சொல்லாம விட்டீங்க” என்றார் கார்த்திகா, அஸ்வத்தின் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்தபடி. “இவருக்கு வாசல்ல ஒரு புள்ளி வெக்கக்கூட கை வராதுங்க. கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசத்துல பேனாவப் புடிச்சு கையெழுத்து போட்டுத்தான் பாத்திருக்கேன்.”

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அஸ்வத்தும் சேர்ந்து சிரித்தார். கீச்சென்று வந்த அந்தக் குரலை இப்போது அவருக்கு அடையாளம் தெரிந்தது.

கை கழுவியதும், அந்தப் பட்டை பழுதான பேட்ச், திருப்பி அனுப்ப வேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தார். தலைவலி வருகிறதாம். பரிதி எதையும் கேட்கவில்லை.

“அப்படியா. நான் இன்னும் பிரிக்கவே இல்ல. எடுத்துட்டுப் போ.”

பெட்டியை எடுத்துக்கொண்டு வந்த பரிதியைக் கார்த்திகா தடுத்தார். தீபாவளி நாளில் வந்த மனிதரை, கொடுத்த பொருளையே திருப்பிக் கொடுத்து வெறுமனே அனுப்புவதா? உள்ளே போய் ஒரு ஹாட்பாக்ஸ் நிறைய முறுக்கும் அதிரசமும் வைத்துக்கொண்டு வந்தார். அது அஸ்வத் புதுமனைப் புகுவிழாவுக்குக் கொடுத்த ஹாட்பாக்ஸ். கம்பெனி கொடுத்தது, முட்டை வடிவம். இரண்டையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொடுத்தார்கள்.

வண்டி வரை பரிதி வந்தார். கதவைச் சாத்தும்முன் குனிந்து, “தாளையும் உள்ளயே வெச்சுட்டேன்” என்றார். “பத்திரமா வெச்சுக்கோ.”

திரும்பும் வழியில் அஸ்வத் மிகவும் லேசாக இருந்தார். பொள்ளாச்சியில் வண்டியை நிறுத்தித் தேங்காய்ப் பால் சேர்த்த டீ ஒன்று வாங்கிக் குடித்தார். சம்பந்தப்பட்டவனே சிரித்ததாகச் சொல்கிறான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கருவியிலேதான் ஏதோ கோளாறு. முதல் பிரதி என்கிறார்களே, அது முதல் பிரதிதான் என்று யார் தரச்சான்று கொடுத்தது? பழுதான பேட்ச் என்று பொய்யாகச் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கிணத்துக்கடவு வருவதற்குள் அவர் அதைக் கிட்டத்தட்ட நம்பிவிட்டார். மகள் கேட்டாளே, செம மோசம் என்று சொன்னாளே, அதை மட்டும் இன்னும் திருத்த முடியவில்லை.

வீடு சேர்ந்தபோது ஐந்து மணி. சிந்துஜா ஹாட்பாக்ஸைத் திறந்து ஒரு முறுக்கை ஒடித்துக்கொண்டே, நம்ம ஹாட்பாக்ஸே நமக்கு வந்துருச்சா என்றார். அப்புறம் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்தார். அது இரண்டாம் முறை கட்டிய முடிச்சு என்பது அவிழ்க்கும்போதுதான் தெரிந்தது.

“ஏங்க, புதுசுன்னு சொன்னீங்க. இதுல ஒரு புள்ளிகூட எரியலயே.”

அஸ்வத் வாங்கிப் பார்த்தார். பட்டையைத் திருப்பினார், தட்டினார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று புள்ளிகளும் அணைந்திருந்தன.

மூன்று முறை. சனி, ஞாயிறு, இன்று காலை. அல்லது ஒரே மூச்சில். அதைப் பார்த்துவிட்டுத்தான் கறி வாங்கப் போயிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் வாசலில் வந்து நின்றிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான், இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பெயர் ஞாபகம் இருக்கா என்று கேட்டிருக்கிறார்.

“இந்தத் தாளுக்குப் பின்னாடி என்னமோ வரைஞ்சிருக்குங்க.” சிந்துஜா அதை மேஜையில் விரித்துவைத்தார். “அடேங்கப்பா.”

பென்சில் படம். புதுசு, ஈயம் இன்னும் கையில் ஒட்டியது. ஒரு பையனின் முகம், இருபது இருபத்தோரு வயது இருக்கும். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறான். கண் இடுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, பல் வரிசை முழுக்கத் தெரிய, வாய் உள்நாக்குவரை திறந்திருக்கிறது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. அவனுக்குப் பின்னால் கூட்டம். கூட்டத்துக்கு முகமில்லை, வாய்கள் மட்டும். ஓரத்தில் ஒரு சாம்பார் வாளி. வாளியின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோடும் நடுங்கவில்லை. அழித்த தடம் ஒன்றுகூட இல்லை. முப்பத்து மூன்று வருடம் சும்மா இருந்த கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“யாருங்க வரைஞ்சது?”

அந்தச் சொல் இந்த முறையும் தொண்டையில்தான் நின்றது. ஆனால் சிந்துஜா அவசரப்படவில்லை. காத்திருந்தார்.

“பரிதி” என்றார் அஸ்வத்.

“இந்தாளு இவ்வளவு நல்லா வரைவாருன்னு சொல்லவே இல்லையே நீங்க.” படத்தை ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்தார். சிந்துஜாவுக்கு அஸ்வத்தை, அஸ்வத்தின் முப்பதாவது வயதிலிருந்துதான் தெரியும். “இது யாரு? இப்படிச் சிரிக்கறான். பாத்தா என்னமோ மாதிரி இருக்குதுங்க. பேரு எழுதக் கட்டம் போட்டுட்டு, எழுதாமயே விட்டுட்டாரு பாருங்க.”

அஸ்வத் பேனாவைத் தேடி எடுத்தார். படத்துக்குக் கீழே இருந்த கட்டம் பெரியதல்ல. அவருடைய பெயர் நெருக்கியடிக்காமல் உட்காரும் அளவுக்குச் சரியாக இடம் விட்டு, ஸ்கேல் வைத்து, நேராகக் கோடு போட்டிருந்தான் பரிதி.